வலப்பக்கப் பாயில் ஓடிய படம்

சென்னையிலிருந்து தீவுக்குக் கப்பல் வருகிறது என்றால் டெலானிபூர் மேட்டில் இரண்டு கேள்விகள் கிளம்பும். வெங்காயம் வந்திருக்கிறதா? என்ன படம் வந்திருக்கிறது? முதல் கேள்வியை யாரிடமும் கேட்கலாம். இரண்டாவதைச் சொக்கலிங்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

சொக்கலிங்கம் ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். புதுக்கோட்டைக்காரர். அலுவலகத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால், காணாமல் போன கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்பார்கள். ஆனால் அவர் டெலானிபூர் தமிழர் மன்றத்தின் படச் செயலாளரும்கூட. ஆகவே கப்பல் வந்த மறுநாள் மட்டும் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் மாத்தூர் சாகிப் அவரைத் தம் அறைக்குக் கூப்பிடுவார். எதிரே இருக்கும் பிரம்பு நாற்காலியைக் காட்டி, "பைட்டோ சொக்கலிங்கம், கௌன்ஸி பிக்சர் ஆயி?" என்று இந்தியில் உட்காரச் சொல்லி, என்ன படம் என்று கேட்பார். அந்த நாற்காலியில் கான்ட்ராக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கப்பல் கேப்டன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுத்தர்களில் உட்கார்ந்தவர் சொக்கலிங்கம் ஒருவர்தான்.

1969 ஜனவரியில் அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது.

காரணம், கடைசியாக வந்த இரண்டு படங்கள். ஒன்றில் கதாநாயகி ஆரம்பத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள். முடிவதற்குள் மைதானத்தில் பாய்களில் உட்கார்ந்து பார்த்தவர்களும் இரும ஆரம்பித்தார்கள். இன்னொன்றைத் தமிழ்ப் படம் என்று நம்பி வரவழைத்தார்; வந்தது தெலுங்கு. மேட்டிலுள்ள தெலுங்கர்கள் மட்டும் இப்போதும் அவரைக் கண்டால் கும்பிடுகிறார்கள்.

மன்றக் கூட்டத்தில் பன்னீர்செல்வம் இதை எடுத்துப் பேசினார். அவர் ராமநாதபுரத்துக்காரர். கட்டட கான்ட்ராக்டர். பேச்சில் சுற்றி வளைக்கும் பழக்கம் இல்லை.

"சார் பத்திரிகையில விமர்சனம் படிச்சிட்டுப் படம் வரவழைக்கிறாரு. நான் வருசத்துல ரெண்டு தடவ மெட்ராஸ் போறவன். தியேட்டர்ல உக்காந்து கண்ணால பாத்துட்டுக் கொண்டாருவேன். இவரு செய்றது பொண்ணப் பாக்காமயே தாலி கட்டுற மாதிரி இருக்கு."

சொக்கலிங்கம் அப்படித்தான் தாலி கட்டியவர். மனைவி மரகதம் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்ததால் அந்த உவமைக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தடுமாற்றத்தில் வேறொன்றைச் சொல்லிவிட்டார்.

"அடுத்த கப்பல்ல ஒரு உளவாளிப் படம் வருது. ரீலுக்கு ரீல் திருப்பம். இதையும் ஜனங்க ரெண்டாவது தடவ பாக்க ஆசப்படலேன்னா, நானே வெலகிக்கிறேன். நீங்களே படச் செயலாளரா இருந்துக்கங்க."

"இத எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றார் பன்னீர்செல்வம். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

மன்றத்தின் ஏற்பாடு எளிமையானது. வெள்ளிக்கிழமை இருட்டியதும் முதல் காட்சி. சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மைதானத்தில் கூடுகிறவர்களைப் பார்த்துச் செயலாளர், "இன்னொரு தடவ ஓட்டலாமா?" என்று கேட்பார். பாயில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் கை தூக்கலாம். பாதிக்கு மேல் கை எழுந்தால் இரண்டாம் காட்சி. இல்லாவிட்டால் படப்பெட்டியைக் கட்டி, வந்த கப்பலிலேயே ஏற்றிவிட வேண்டியதுதான்.

'யாராக இருந்தாலும்' என்ற சலுகை பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்காக ஏற்பட்டது. மைதானத்துக்குச் சுவர் கிடையாது. தமிழ்ப் படம் போட்டால் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், மாத்தூர் சாகிப் குடும்பம் என்று எல்லாரும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வலப்பக்கத்தில் பாய். தமிழர்களுக்கு இடப்பக்கத்தில் பாய். நடுவே நடக்கக் கொஞ்சம் இடம். புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் வலப்பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஊதுகுழலை வாயில் வைத்து, இதுவரை நடந்ததை நாகமுத்து இந்தியில் சொல்வான்.

நாகமுத்து பஸ் கண்டக்டர். பெரார்கஞ்ச் போகும் பஸ்ஸில் அவன் குரல் கொடுத்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவன் மூட்டையைத் தூக்கிக்கொள்வான். அவனுடைய கொள்ளுத்தாத்தா கைதியாகக் கப்பலேறி வந்தவர். அவன் தீவிலேயே பிறந்தவன், தாய்நாட்டுக் கரையைப் பார்த்ததில்லை. வீட்டில் பேசுவது பாதி இந்தி, பாதி தமிழ். சினிமாத் தமிழ் வேகமாக வந்தால் அவனுக்குப் பாதிதான் பிடிபடும். மீதியைக் கைக்காசு போட்டுச் சமாளிப்பதுபோலச் சொந்தமாகச் சமாளித்துவிடுவான். குடும்பப் படங்களில் இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அம்மா அழுதால் எந்த மொழியிலும் அழுகைதான்.

வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பெயர் 'நிழல் நம்பர் ஒன்பது'. ராக்கெட் வரைபடம் ஒன்று களவு போய்விடுகிறது. திருடியவன் 'நம்பர் ஒன்பது' என்ற உளவாளி. அவனைப் பிடிக்க உளவுத்துறைத் தலைவர் கதாநாயகனை அனுப்புகிறார். யார் அந்த ஒன்பது என்பதுதான் கேள்வி. முதல் ரீல் முடியும்போது, அது ஒரு டாக்டர். இரண்டாவது ரீலில் அந்த டாக்டர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். அவருடைய நர்ஸ்தான் ஒன்பது. மூன்றாவதில் நர்ஸ் செத்துப் போகிறாள். கதாநாயகனே போலி, நிஜக் கதாநாயகன் சிறையில் இருக்கிறான். நான்காவதில் சிறையில் இருப்பவன்தான் போலி. ஐந்தாவதில், அனுப்பி வைத்த தலைவரே நம்பர் ஒன்பது.

சொக்கலிங்கம் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடப்பக்கத்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திருப்பத்துக்கு வாய்கள் திறந்தன. இரண்டாவதற்கும் திறந்தன. மூன்றாவதற்குப் பிறகு, ஏமாற்றுக்காரக் கடைக்காரனைப் பார்க்கிற பார்வை வந்துவிட்டது. வலப்பக்கம் அவர் பார்க்கவில்லை. அங்கேயிருந்து ஏதோ விசும்பல் கேட்டது. குழந்தையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

படம் முடிந்து மேடேறிப் போகும்போதே அபிப்பிராயங்கள் காதில் விழுந்தன.

"அந்த டாக்டர் நல்லவனா, கெட்டவனா? அத மட்டும் சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போய்த் தூங்கணும்."

"நல்லவன். ஆனா கடைசியில ஏன் அவனையும் சுட்டாங்கன்னு கேக்காதீங்க."

"நர்ஸு கட்டியிருந்தா பாரு ஒரு சேல, சாகிற வரைக்கும் கசங்கல."

பள்ளிக்கூட ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தி மட்டும் படத்தைத் தாங்கிப் பேசினார். "மூளைக்கு வேலை குடுக்கிற படம். நம்ம ஆளுகளுக்கு அது பழக்கமில்லை" என்றார். யார் நம்பர் ஒன்பது என்று ஒருவர் கேட்டதற்கு, "அதை நாமதான் யோசிக்கணும்னு விட்டிருக்கான்" என்றார். படத்தில் அப்படி விட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொக்கலிங்கம் மனைவியிடம் கேட்டார். "உண்மையச் சொல்லு மரகதம்."

"பாட்டு நல்லாருந்துச்சுங்க."

"படம்?"

"நாலாவது ரீல்ல கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஜெயில்ல இருந்தவன் வெளிய, வெளிய இருந்தவன் உள்ள. பக்கத்துல கேட்டேன். அவங்க முழிச்சுக்கிட்டே இருந்தவங்க. அவங்களுக்கும் தெரியல." பாயை விரித்தபடி, "பன்னீர்செல்வம் அண்ணன் நல்லாத்தான் பாத்துட்டு வருவாரு, இல்லீங்க?" என்றாள்.

சனிக்கிழமை காலை குழாயடியில் நிலவரம் இன்னும் மோசமானது. பன்னீர்செல்வமே வாளியோடு வந்திருந்தார். அவர் வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் உண்டு. இன்றைக்கு அவரே வந்த காரணம் தெளிவு.

"சார், நேத்து நான் லேட்டா வந்தேன். பாயில எடமில்ல. நடுவுல, நடக்கிற எடத்துல உக்காந்துட்டேன். எடது காதுல படம். லைட்டு போட்டா வலது காதுல நாகமுத்து. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ராத்திரி பூரா தலவலி."

"நாகமுத்து என்ன சொன்னான்?"

"அத அவங்கிட்டயே கேளுங்க. சாயங்காலம் கை தூக்குறப்ப பாப்போம்." வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அது பாதிதான் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். டிராஃப்ட்ஸ்மேன் ஹால்தார் பாபு மேசைக்கே வந்து சொக்கலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறியவர். எதற்கும் எளிதில் மகிழாதவர். துர்கா பூஜைக்குக்கூடக் குறை சொல்கிறவர்.

"சொக்கலிங்கம் பாபு, இப்படி ஒரு படத்தை நான் கல்கத்தாவில்கூடப் பார்த்ததில்லை" என்றார் இந்தியில். "அந்தப் பாவர்ச்சி. அந்த ஒரு பாத்திரத்துக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். என் மனைவி இன்று காலை அடுப்பு பற்ற வைக்கும்போதுகூட அவனை நினைத்து அழுதாள்."

பாவர்ச்சி என்றால் சமையல்காரன். சொக்கலிங்கம் படத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தலைவர் வீட்டில் காப்பி கொண்டுவந்து வைக்கிற ஒருவன் இருந்தான். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. அவனுக்கு வசனம்கூட இல்லை.

"அந்தக் காப்பி கொடுப்பவனா?"

"காப்பியா கொடுத்தான்?" ஹால்தார் பாபு கண்ணைச் சிமிட்டினார். "எங்களுக்குத் தெரியும் பாபு, அதில் என்ன இருந்தது என்று."

அதற்குள் மாத்தூர் சாகிப் கூப்பிடுவதாகப் பியூன் வந்து சொன்னான். உள்ளே போனதும் நாற்காலி காட்டப்பட்டது. சொக்கலிங்கம் நுனியில் உட்கார்ந்தார்.

"அருமையான கதை" என்றார் சாகிப். "தம்பியைக் கொன்றவர்களைப் பழிவாங்க ஓர் ஏழைச் சமையல்காரன் உளவாளி ஆகிறான். அவன் மேல் யாருக்குமே சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் சமையல்காரனை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? நான் நேற்று வீட்டுக்குப் போய் எங்கள் சமையல்காரனை நிமிர்ந்து பார்த்தேன். பயந்துவிட்டான். இன்று மாலை என் மனைவியின் தங்கையும் வருகிறாள். படம் உண்டல்லவா?"

சொக்கலிங்கம் வாயைத் திறந்தார். தமக்குத் தெரிந்த படத்தில் தம்பியும் இல்லை, பழியும் இல்லை. மெத்தென்றிருந்த நாற்காலியும், நிம்மதியாக இருந்த சாகிப்பின் முகமும் சேர்ந்து அந்த வாயை மூடிவிட்டன.

"முயற்சி செய்கிறேன் சார்."

அலுவலகம் முடிந்ததும் நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார். பெரார்கஞ்ச் பஸ் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. நாகமுத்து படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சமையல்காரன் எங்கேருந்து வந்தான்?"

நாகமுத்து எழுந்து நின்றான். "அண்ணே, கோபப்படாதீங்க. சொல்லிடறேன்."

"சொல்லு."

"முதல் ரீல்ல அவங்க பேசுன தமிழ் எனக்கு ஆதாதான் புரிஞ்சுது. ராக்கெட்டு, சதி, சங்கேதம், பூரா பெரிய பெரிய வார்த்த. லைட்டு போட்டாங்க. நான் ஏதாச்சும் சொல்லணும்ல? பாவர்ச்சி காப்பி வெச்சிட்டு ஒரு பார்வ பாத்தான். சீதா, நேரா நம்ம பக்கம். நான் நெனச்சேன், பக்கா இவன்தான் சோர், திருடன். 'டாக்டர விடுங்க, பாவர்ச்சி மேல ஒரு கண்ணு வைங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அவன் கேமராவப் பாத்துட்டான்டா. நடிக்கத் தெரியாதவன்."

"அது எனக்கு எப்படி மாலும் ஆகும், எப்படித் தெரியும்? ஒரு வாட்டி சொன்னப்புறம் ஹால்தார் பாபு வேற யாரையுமே பாக்கல அண்ணே. டாக்டர் வந்தாலும் 'பாவர்ச்சி கஹாங் ஹை, எங்க அவன்'ன்றாரு. நர்ஸு செத்தா, 'அவன்தான விஷம் வெச்சான்?'ன்றாரு. நான் என்ன, இல்லேன்னா சொல்றது? ஏன் வெச்சான்னு கேட்டாங்க. தம்பிய கொன்னுட்டாங்கன்னேன்."

"கடைசியில தலைவர்தானே பிடிபடுறாரு? அதுக்கு என்ன சொன்ன?"

நாகமுத்துவின் முகம் மலர்ந்தது. "அங்கதான் அண்ணே படமே என் பக்கம் வந்துடுச்சு. அந்தாளு தப்பிச்சு ஓடறப்ப சமையல்கட்டு வழியா போறாரு. போறப்ப பாவர்ச்சியோட கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கிறாரு. இருட்டு. சுட்டுட்டாங்க. நான் வாயே தெறக்கல. இவங்களே 'ஹாய் பாவர்ச்சி, ஐயோ பாவர்ச்சி'ன்னு அழுதுட்டாங்க."

சொக்கலிங்கம் படிக்கட்டில் உட்கார்ந்தார். இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த படம். விமர்சனத்தை மூன்று முறை படித்தவர் அவர். அந்த ஐந்து திருப்பங்களில் ஒன்றுகூட வலப்பக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"இன்னைக்கு ரெண்டாவது காட்சி நடந்தா, உள்ள கதையச் சொல்லு. டாக்டர், நர்ஸு, தலைவர். நான் எழுதித் தரேன்."

"தமிழ் படிக்கத் தெரியாதே எனக்கு."

"வாயால சொல்லித் தரேன்."

"சொல்லுங்க, ஆனா இன்னைக்கு சாயங்காலம் எனக்கு டியூட்டி. வேற ஆளு மாத்திக்கிட்டாதான் வர முடியும். அப்புறம், அண்ணே." குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தினாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரை கேட்டது. "காலையில பஸ்ல போறப்ப கராச்சர்மாவுல ஏறினவங்க என்ன படம்னு கேட்டாங்க. பெரார்கஞ்ச் வரைக்கும் கதை சொல்லிட்டே போனேன். வயல்ல வேல பாக்கிறவங்க, ஒரு இருபது முப்பது பேரு சாயங்காலம் வராங்க. அவங்களும் பாவர்ச்சியத்தான் பாக்க வராங்க."

டிப்போவில் சொக்கலிங்கம் கெஞ்சியதில் டியூட்டி மாறியது. எதற்காகக் கெஞ்சினோம் என்று திரும்பி நடக்கையில் அவருக்கே சரியாக விளங்கவில்லை. அவன் வராவிட்டால் வலப்பக்கம் கலைந்துவிடும்; வலப்பக்கம் கலைந்தால் நாற்காலி போய்விடும். அவன் வந்து உண்மையைச் சொன்னாலும் நாற்காலி போய்விடும்.

மாலையில் மைதானத்துக்குப் போனபோது வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. வலப்பக்கப் பாய் நிரம்பி, தென்னை மரங்கள் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். பெரார்கஞ்ச் கூட்டம் சாப்பாட்டு மூட்டையோடு வந்திருந்தது. இடப்பக்கத்தில் கிருஷ்ணமூர்த்தி இருந்தார், அவரோடு வாக்குவாதத்தை முடிக்காதவர்கள் இருந்தார்கள். பெண்கள் பாட்டுக்காக வந்திருந்தார்கள். முன்னால் பன்னீர்செல்வம், கைகளைக் கட்டிக்கொண்டு.

"இன்னொரு தடவ ஓட்டலாமா?" என்று சொக்கலிங்கம் கேட்டு முடிப்பதற்குள் பன்னீர்செல்வம் எழுந்துவிட்டார்.

"கை தூக்குறதுக்கு முந்தி ஒரு விசயம். இடப்பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நேத்துப் பாத்தவங்களுக்கு இது என்ன படம்னு தெரியும். நான் அந்தப் பக்கத்து ஆளுகளுக்குத்தான் சொல்லணும்."

அவர் வலப்பக்கம் திரும்பினார். மேஸ்திரிகளிடமும் சித்தாள்களிடமும் பேசிப் பேசி வந்த இந்தி அவருடையது. இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும். சொக்கலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாவர்ச்சி பேகசூர் ஹை" என்றார் பன்னீர்செல்வம். சமையல்காரன் ஒரு குற்றமும் அறியாதவன்.

வலப்பக்கத்தில் தலைகள் அவர் பக்கம் திரும்பின. பிறகு ஹால்தார் பாபு எழுந்து கைதட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். கைதட்டல் தென்னை மரங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. நேற்று இரவெல்லாம் அவர்கள் நினைத்து நினைத்து வருந்தியதை ஒரு தமிழர் எழுந்து இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். குற்றம் தம்பியைக் கொன்றவர்களுடையது. பாவம், சமையல்காரன் என்ன செய்வான்?

"அதில்ல, நான் சொல்றது..." என்று பன்னீர்செல்வம் கையை உயர்த்தினார்.

"ஷாபாஷ், பன்னீர்செல்வம்." முன்வரிசை நாற்காலியிலிருந்து மாத்தூர் சாகிப்பின் குரல் வந்தது. "கான்ட்ராக்டர்களிலும் இதயம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. இங்கே வந்து உட்காருங்கள்."

பன்னீர்செல்வத்தின் உயர்ந்த கை அப்படியே நின்றது. டெலானிபூரில் அவர் கட்டிக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ் கட்டடங்களை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மாத்தூர் சாகிப். அவரிடம் போய், சார், நீங்கள் நேற்று கண்ணீர் விட்டது காப்பி கொண்டுவந்த ஒரு துணை நடிகருக்காக என்று சொல்ல, அந்த மைதானத்தில் யாராலும் முடியாது. கான்ட்ராக்டரால் நிச்சயம் முடியாது.

"ஜி சாகிப்" என்றார். உயர்ந்த கையை இறக்கினால் என்ன நினைப்பார்களோ என்று அதை இறக்காமலேயே போய் சாகிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது ஒரு ஓட்டு" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

வலப்பக்கம் முழுவதும் கைகள் எழுந்தன. இடப்பக்கத்தில் ஒரு சலசலப்பு.

"எந்தச் சமையல்காரன்? நேத்து அப்படி ஒருத்தனும் வரலையே."

"வந்திருப்பான். நாமதான் டாக்டரையே பாத்துக்கிட்டிருந்தோம்."

"அவங்களுக்கெல்லாம் புரிஞ்சிருக்கு, நமக்குப் புரியலேன்னா எப்படி? தமிழ்ப் படம் நமக்குப் புரியாம ஹால்தாருக்குப் புரிஞ்சதுன்னு வெளிய சொல்ல முடியுமா?"

இந்தக் கடைசிக் கேள்வி வேலை செய்தது. இடப்பக்கத்திலும் கைகள் எழத் தொடங்கின. மரகதத்தின் கையும் எழுந்தது. இரண்டாம் காட்சி உறுதியாயிற்று. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இருட்டியதும் முதல் ரீல் ஓடியது. இடப்பக்கத்தில் ஒருவரும் டாக்டரைப் பார்க்கவில்லை. காப்பித் தட்டோடு சமையல்காரன் வந்து திரையிலிருந்து நேராகப் பார்த்தபோது, மைதானம் முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. "அடப்பாவி, இவனா?" என்றது ஒரு குரல். விளக்கு போட்டதும் ஒருவர், பிறகு இருவர், பிறகு குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் எழுந்து நடு இடத்தைத் தாண்டி வலப்பக்கப் பாயில் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஸ்டூலில் ஏறிய நாகமுத்து, ஊதுகுழலை எடுத்தவன் அப்படியே இறங்கி ஓடி வந்தான்.

"அண்ணே, தமிழ் ஆளுங்க பூரா இந்தப் பக்கம் வந்துட்டாங்க. வசனம் புரிஞ்சவங்க. நான் எத சொல்றது? நீங்க சொல்லிக் குடுத்ததா? டாக்டர், நர்ஸு, தலைவர்?"

சொக்கலிங்கம் பார்த்தார். ஹால்தார் பாபுவின் மனைவி முந்தானையைக் கையில் தயாராக வைத்திருந்தாள். மாத்தூர் சாகிப் தம் மைத்துனியிடம் எதையோ மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தார். பன்னீர்செல்வம் தலையாட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கப் பாயில் கிருஷ்ணமூர்த்தி மட்டும் உட்கார்ந்திருந்தார், கொள்கைக்காக. அவரும் சாய்ந்து சாய்ந்து வலப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விமர்சனத்தில் படித்த ஐந்து திருப்பங்களும் சொக்கலிங்கத்துக்கு ஒரு தடவை ஞாபகம் வந்தன. அவை நல்ல திருப்பங்கள்தான் என்று இப்போதும் அவருக்குத் தோன்றியது.

"நேத்து சொன்னதையே சொல்லு" என்றார்.

"பக்காவா?"

"பக்கா. தம்பி செத்தத மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொல்லு. ரீல் மாத்துறதுக்குள்ள முடிய மாட்டேங்குது."

நாகமுத்து சுருக்கவில்லை. முந்தின நாள் ஒரு தம்பியாக இருந்தவன் அன்றைக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் ஆனான். கடைசியில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஓடிய உருவம் சுடப்பட்டு விழுந்தபோது இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து அழுதார்கள். திரையில் உளவுத்துறைத் தலைவர் தமிழில் தம் குற்றங்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு வந்தார். அதை யாரும் கேட்கவில்லை.

"பாவம்ங்க அந்த மனுசன்" என்றாள் மரகதம் வீட்டுக்கு நடக்கும்போது. "நேத்து ஏன் இதெல்லாம் எனக்குத் தெரியல?"

"நேத்து நீ தூங்கிட்ட."

"அதான்" என்றாள் நம்பிக்கையோடு.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்தில் பன்னீர்செல்வம் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். காலையிலிருந்தே அவரை வழியில் பார்க்கிற வங்காளிகள் எல்லாம் கைகொடுக்கிறார்கள். அது மனிதரைக் கொஞ்சம் மாற்றியிருந்தது. படம் நல்ல படம் என்பதை ஒப்புக்கொண்டார். சொக்கலிங்கமே படச் செயலாளராகத் தொடரலாம் என்றார். பிறகு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"சார் எந்தப் படத்த வேணும்னாலும் வரவழைக்கட்டும். ஆனா தேதி வைக்கிறதுக்கு முந்தி நாகமுத்துவுக்கு டியூட்டி என்னைக்கின்னு கேட்டுக்கணும். இத தீர்மானமாவே போட்டுருங்க."

ஒருவரும் எதிர்க்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி வழிமொழிந்தார்.

அடுத்த கப்பல் வெங்காயத்தோடும் ஒரு குடும்பப் படத்தோடும் வந்தது. மறுநாள் காலை சொக்கலிங்கம் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். வழக்கமான நேரத்தில் பியூன் வந்து, சாகிப் கூப்பிடுவதாகச் சொன்னான். சொக்கலிங்கம் படத்தின் பெயரை மனதுக்குள் இந்தியில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

பிரம்பு நாற்காலியில் நாகமுத்து உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, மடியில் டிக்கெட் பை. சாகிப் முன்னால் சாய்ந்து அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். படத்தை இன்னும் பார்க்காத நாகமுத்து, இரண்டு கைகளையும் விரித்து, அதில் வரப்போகிற ஒரு தோட்டக்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொக்கலிங்கத்தைப் பார்த்ததும் நாகமுத்து எழப் பார்த்தான்.

"பைட்டோ, பைட்டோ" என்றார் மாத்தூர் சாகிப் அவனிடம். பிறகு பியூனைப் பார்த்து, இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

பியூன் போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தான். சொக்கலிங்கம் அதில் உட்கார்ந்தார்.

"அந்தத் தோட்டக்காரன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டார்.